சிங்கரா, உஷாவா, ஃபாஃபா?

இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பழைய தையல் மெஷின் விலைக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் போய் முதலில் பார்ப்பது அதன் அடித்தட்டில் குத்தியிருக்கும் எண்ணைத்தான். சிங்கரின் பெரிய பலமே அந்த எண். முன்னால் ஒய் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் 1920களிலோ 1930களின் தொடக்கத்திலோ ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்தது. ஜி என்றால் அமெரிக்காவின் எலிசபெத் நகரம். கிளைட்பேங்க் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது, ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான்.

சிங்கரிலும் எது என்று பார்க்க வேண்டும். 28ஆம் மாதிரியில் கீழ் நூலைக் கொண்டுபோகும் ஷட்டில் படகு போல நீளமாக இருக்கும். அது முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கீழ் நூல் சுற்றும் அதன் நீள பாபின் தொலைந்தால் தேடி அலைய வேண்டும். 15ஆம் மாதிரிக்கு வட்ட பாபின், அதனால் அந்தக் கவலை இல்லை.

கல்கத்தாவில் பிறந்த உஷா இந்த 15ஐ ஒட்டிச் செய்யப்பட்டதுதான். நிறுவனத்தை நடத்திய லாலா ஸ்ரீராமின் மகள் பெயர் அது. நகல் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேகரித்து வைக்க மட்டுமல்லாமல் தைப்பதற்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் உஷாதான் என் முதல் தேர்வு.

ஃபாஃப் வேறு வம்சம். ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்னில் பித்தளை ஊதுகருவிகள் செய்த கியோர்க் ஃபாஃப், 1862இல் தோல் தைக்க முதல் மெஷினைச் செய்தார். ஃபாஃபின் 130ஆம் மாதிரி சிக்-சாக் என்ற வளைந்து வளைந்து போகும் தையலும் போடும். அழகான வேலைப்பாடு, ஆனால் எல்லா உறுப்பும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதுவானாலும் சக்கரம் இறுகியிருந்தால் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும், நம் மலையில் பெரும்பாலான நாட்கள் அதற்கும் குளிர். என் அம்மாயியின் சிங்கருக்கு ஆண்டுக்கணக்காக அதைத்தான் விட்டிருந்தார்கள். நான் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தேன் (தங்கப் பூ வேலையில் படாமல்). அப்புறம் மெஷின் ஓயிலை விட்டுச் சுற்றினேன், ஓடியது.