அரிசியா, ஓட்ஸா, கேப்பையா: கொதித்த பின்னும் பாலாக நிற்பது எது?

அப்பாவுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் விசைப்படகில் போகிறவர். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார். நடுக்கடலில் வயிறு கலக்கினால் என்ன பாடு என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம் அது. அந்த ஃபிளாஸ்க்கை மறுபடி நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் தானியப் பாலில் இறங்கினேன். அரிசி, ஓட்ஸ், கம்பு, கேப்பை (கேழ்வரகு) என்று நான்கையும் அரைத்துப் பிழிந்து பார்த்தாயிற்று. முளைகட்டிய கேப்பையின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

விலையில் ஓட்ஸ் மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிறத்தில் அரிசிப் பாலே பாலுக்கு மிக நெருக்கம். கேப்பைப் பால் லேசான சாம்பல் கலந்த பழுப்பு. டீத்தூள் விழுந்த பிறகு அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: காய்ச்சினால் என்ன ஆகிறது? நம் கடற்கரை வெக்கையில் காய்ச்சாத தானியப் பால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். பச்சை மாவு வயிற்றுக்கும் நல்லதல்ல. ஆகவே காய்ச்சாமல் தீராது. ஆனால் தானியத்தைப் பிழிந்து எடுத்த பாலில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சூடு 70 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது அந்த மாவுச்சத்து நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். பிறகு அடுப்பில் இருப்பது பால் அல்ல, கஞ்சி. ஆற ஆற இன்னும் இறுகும். ஃபிளாஸ்க்கில் ஊற்றிய டீ மாலையில் கரண்டி போட்டு எடுக்கும் நிலைக்கு வந்துவிடும். குளிரவைத்துக் குடிக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. டீக்காகச் செய்கிறவர்களுக்கு இதுதான் முழுப் பிரச்சினையும்.

அரிசிப் பால் இந்த இடத்தில்தான் தோற்றது. திருவாடானைப் பக்கத்துப் பச்சரிசியை இரவு ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் வெள்ளை வெளேரென்று, மணமாக, இனிப்பாக வரும். அடுப்பில் வைத்து ஐந்து நிமிடத்தில் கஞ்சி. தண்ணீரை இரட்டிப்பாக்கினால் கெட்டியாவது குறைகிறது. கூடவே பால் என்ற உணர்வும் போய்விடுகிறது. வெந்த சோற்றை அரைத்து எடுத்தும் பார்த்தேன். ஏற்கெனவே வெந்தது என்பதால் காய்ச்சும்போது புதிதாக இறுகவில்லை. ஆனால் நீராகாரத்தில் டீத்தூள் போட்ட சுவையை அப்பா ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

ஓட்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார், சூடுபட்டால் வழவழப்பாகிவிடும். குளிர்ந்த நீரில் அரை நிமிடத்துக்கு மேல் அரைக்காமல், துணியை அழுத்திப் பிழியாமல் எடுத்தால் குளிராகக் குடிக்க மிக நன்றாக இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் காய்ச்சினால் வெண்டைக்காய்ப் பதம்தான். அப்படியானால் அட்டைப் பெட்டியில் விற்கும் ஓட்ஸ் பால் மட்டும் டீயில் எப்படி ஒழுங்காக நிற்கிறது? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 1990களில் பிறந்த முறை அது: நொதியைச் சேர்த்து மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைத்துவிடுகிறார்கள். பிறகு கொஞ்சம் எண்ணெயும் கலக்கிறார்கள். இதைப் படித்த அன்றுதான் எனக்கு வழி திறந்தது. அதே வகை நொதியைத் தானியம் முளைக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்கிறது. தீட்டிய அரிசியில் முளைக்கருவே இல்லை. ஓட்ஸ் ஆவியில் வெந்து, நசுங்கி வருகிறது. இரண்டும் முளைக்காது. கேப்பை முளைக்கும்.

கேப்பைப் பால் நமக்குப் புதிதும் அல்ல. “கைப்பிள்ளைக்குக் கேப்பைப் பால் காய்ச்சிக் கொடுக்கிறோமே, அண்ணனுக்கும் அதையே கொடுத்தால் என்ன?” என்று அத்தை ஆரம்பத்திலேயே கேட்டார். பிள்ளைக்குக் காய்ச்சுவது கூழாக இறுகும். அதுதான் அங்கே வேண்டும். எனக்கு இறுகக் கூடாது. முளைகட்டுவதும், அடுப்பை நடத்தும் விதமும்தான் வித்தியாசம்.

கேப்பையைக் கல் அரித்து, இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறேன். மறுநாள் மாலைக்குள் நூல் போல முளை வந்துவிடும். முதல் இரண்டு அலசலுக்குத் தெருக்குழாயின் உப்புத் தண்ணீர் போதும். ஊறவைக்கவும் அரைக்கவும் காவிரித் தண்ணீர்தான். ஒருமுறை உப்புத் தண்ணீரிலேயே ஊறவைத்தேன், பாதிக்கு மேல் முளைக்கவில்லை. பால் எடுத்தபோது அந்த உவர்ப்பு நாக்கில் நின்றது. குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீடுகளுக்கு இது ஒரு செலவுதான்.

முளைத்ததை மாடியில் காயவைத்துத் தகர டப்பாவில் போட்டுவிடுவேன். வறுக்கக் கூடாது. மணத்துக்காக வறுத்தால் நொதி செத்துவிடும். பிறகு முளைத்த கேப்பைக்கும் முளைக்காததற்கும் அடுப்பில் வேற்றுமை இருக்காது. கடையில் முளைகட்டிய மாவு வாங்கிச் செய்து ‘கூழாகிவிட்டது’ என்று சொல்கிறவர்கள், அது வறுத்த மாவா என்று பார்க்க வேண்டும்.

வேண்டியபோது 50 கிராமை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிகிறேன். கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் வெள்ளை மாவு அடியில் படியும். மேலே நிற்பதை மட்டும் அடுப்பில் ஏற்றுவேன். அடிமண்டி களிக்குப் போகும். இனி அவசரம் ஆகாது. விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூட்டில், சிறு தீயில், பதினைந்து நிமிடம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நொதி வேலை செய்யும் நேரம் அது. நேராகக் கொதிக்கவிட்டால் நொதி வேலையைத் தொடங்கும் முன்பே வெந்துபோகும். கெட்டியாக வந்த பால் கரண்டியில் தளர்ந்து, சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கும். அதன்பிறகு நன்றாகக் கொதிக்கவிடலாம்.

கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்ப் பால். தானியப் பாலில் கொழுப்பு இல்லாத குறையை அது தீர்க்கிறது. தேங்காய்ப் பாலை மட்டுமே வைத்துச் செய்யலாமே என்று பெரியபட்டினத்து உறவினர்கள் கேட்பார்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் கேட்கலாம். அது நெடுநேரம் சூட்டில் நின்றால் எண்ணெய் பிரிந்துவிடுகிறது. டீத்தூளைக் குறைத்துப் போடுங்கள். பசும்பாலில் துவர்ப்பைக் கட்டிப்போடும் கேசீன் புரதம் இதில் கிடையாது. அந்தக் கேசீன் இல்லாததால் ஒரு நன்மையும் உண்டு: கருப்பட்டியைத் தாராளமாகப் போடலாம், பால் திரியாது.

கம்பை நான்கு முறைதான் செய்திருக்கிறேன். அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். அதுவும் முளைக்கும். ஆனால் கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம். அரைத்தது சீக்கிரம் காறல் அடிக்கிறது. இரண்டு முறை கசந்தது.

சத்துக் கணக்கில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கேப்பையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பது உண்மை. பசும்பாலில் சுமார் 120. ஆனால் ஒரு டம்ளர் கேப்பைப் பாலுக்குள் போவது 25 கிராம் கேப்பைதான், அதிலும் கால்சியம் மிகுந்த தோல் சக்கையோடு போய்விடுகிறது. புரதமும் குறைவு. சக்கையை நான் எறிவதில்லை, அடை மாவில் சேர்க்கிறேன். அப்பா போன்ற பெரியவர்களுக்கு மீன் இருக்கிறது, குறை தெரியாது. பால் குடிக்கும் வயதுப் பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபிளாஸ்க் இப்போது மறுபடி கடலுக்குப் போகிறது. மாலை வரை டீ ஊற்றும் பதத்தில் இருக்கிறது என்கிறார். இரவில் கொஞ்சம் இறுகுகிறது, குலுக்கினால் சரியாகிவிடுகிறதாம். எனக்கு மிச்சமிருக்கும் கவலை மழைக்காலம். போன ஐப்பசியில் வெயில் இல்லாமல் மின்விசிறிக்கு அடியில் காயவைத்த ஒரு கிலோவும் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த முறை புரட்டாசி வெயில் இருக்கும்போதே நான்கு கிலோ முளைகட்டிக் காயவைத்துவிட்டேன். மாடியில் இரண்டு நாள், வீட்டுக்குள் ஒரு நாள். டப்பாவுக்குள் கைவிட்டால் சலசலவென்று சத்தம் கேட்கிறது.