தண்டுக் கலங்களைப் பிரிக்கும் காந்தமணித் தொகுதி: கண்டியிலிருந்து ஒரு மதிப்பீடு

கண்டியில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தில், தாயின் சம்மதத்துடன் பெறப்படும் தொப்புள்கொடிக் குருதியிலிருந்து குருதியாக்கத் தண்டுக் கலங்களை, அதாவது எல்லாக் குருதிக் கலங்களையும் உருவாக்கும் மூலக் கலங்களை, பிரித்தெடுக்க, இந்தத் தொகுதியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

அக்குருதியின் ஒற்றைக்கருக் கலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான் சிடி34 என்னும் அடையாளப் புரதத்தைத் தாங்கியிருக்கும். அப்புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரி பூசிய காந்தத் துணிக்கைகளைக் கலந்து, காந்தத்தினுள் பொருத்திய நிரல் என்னும் சிறு பிரிப்புக் குழாய் வழியே விட்டால், நமக்கு வேண்டியவை உள்ளே தங்கிவிட, மற்றவை வடிந்துவிடுகின்றன. இரண்டாவது புதிய நிரலிலும் விட்ட பிறகே எங்களுக்குத் தூய்மை 90 சதவீதத்தைத் தாண்டியது. கையேடு அதை விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. நான் கட்டாயம் என்பேன்.

குருதியின் புதுமையும் முக்கியம். நுவரெலியாப் பக்கமிருந்து ரம்பொடை வளைவுகளைக் கடந்து மாலையில் வந்த குருதியை மறுநாள் காலை எடுத்தபோது, கலங்கள் திரண்டு நிரலையே அடைத்துவிட்டன. 30 மைக்ரோன் வடியில் முன்கூட்டியே வடித்தெடுக்கத் தொடங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

துணிக்கைகளை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. ஆனால் முகவர் அனுப்பிய முதற்பெட்டியில் குப்பி பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்தே வந்தது. மாற்றுக் குப்பிக்கு மூன்று வாரங்கள் காத்திருந்தோம். அதுவரை வந்த குருதி எல்லாம் வீணானதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு பையும் ஒரு தாய் மனமுவந்து தந்தது.

இதனுடன் விற்கப்படும் வளர்ப்பூடகத்தை, அதாவது பிரித்த கலங்களை வளர்க்கும் கரைசலை, பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தண்டுக் கலக் காரணி, துரொம்போபொயெட்டின், எஃப்எல்டி3 இணைபொருள் ஆகிய வளர்ச்சித் தூண்டல் புரதங்களைச் சேர்த்து 37 பாகையில் வைத்தால், ஒரு வாரத்தில் கலங்கள் பன்மடங்கு பெருகுவது உண்மை. ஆனால் பெருகுபவற்றில் பெரும்பாலானவை முதிர்ச்சியை நோக்கி நகர்ந்துவிட்டவை. வாழ்நாள் முழுவதும் குருதியை ஆக்கவல்ல மூலக் கலங்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை, பல வேளைகளில் குறையவும் செய்கின்றன. தனிக் கலங்கள் பெருகிக் கூட்டங்களாவதை எண்ணும் 14 நாள் கலக்கூட்டப் பரிசோதனைகூட, முதிர்ச்சியை நோக்கி நகர்ந்த முன்னோடிக் கலங்களைத்தான் காட்டும். நீடித்த ஆற்றலை அறிய, நோயெதிர்ப்புக் குன்றிய எலிகளில் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் நம்பிக்கையோடு கேள்வி கேட்கும் இந்நாட்டில், பெட்டியின் மேல் ‘தண்டுக் கலப் பெருக்கம்’ என்று மட்டும் அச்சிடுவது சரியன்று.

அடுத்த கட்டளையில் நிரல்களை இரட்டிப்பாகக் கேட்டிருக்கிறேன்; வளர்ப்பூடகத்தைக் கேட்கவில்லை.