சோடியம் அயோடைடா, ஜெர்மானியமா?

காமா கதிரின் ஆற்றலை அளக்கும் கருவிக்கு இந்த இரண்டு படிகங்களில் எது நல்லது? துல்லியத்தை மட்டும் பார்த்தால் இதில் போட்டியே கிடையாது. கதிரியக்கச் சீசியம்-137 வெளிவிடும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இங்கே ஆற்றலின் அலகு இதுதான்) காமா கதிரை, சோடியம் அயோடைடு படிகம் வரைபடத்தில் ஏறக்குறைய 45 அலகு அகலமுள்ள மேடாகத்தான் காட்டும். அதிதூய ஜெர்மானியமோ ஒன்றரை அலகுக்குள் ஊசிபோல நிறுத்திவிடும்.

காரணம் எளிது. சோடியம் அயோடைடு கதிரை முதலில் வெளிச்சமாக மாற்றுகிறது. அந்த மினுக்கலை ஒளிப்பெருக்கிக் குழல் எலக்ட்ரான்களாக மாற்றுகிறது. வழியில் சிந்தியது போக, கணக்குக்கு மிஞ்சுவது சில ஆயிரம் எலக்ட்ரான்கள். ஜெர்மானியத்தில் இடைத்தரகர் கிடையாது. அதே கதிருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூட்ட இணைகள் நேரடியாகக் கைக்கு வரும். எண்ணிக்கை கூடினால் தடுமாற்றம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் எல்லாரும் ஜெர்மானியம் வாங்குவதில்லை? அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் −196 டிகிரி திரவ நைட்ரஜனில். விலையும் பல மடங்கு. சோடியம் அயோடைடுக்கு ஈரம் ஆகாது, வெயில் ஏறினால் அளவு நகரும். ஆனாலும் கையில் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானில் இரண்டுக்கும் வேலை இருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து பொதுவான உணவுக்குச் சீசியம் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). 30 கிலோ அரிசி மூட்டைகள் பட்டையில் நகர்ந்து வர, சோடியம் அயோடைடு போன்ற மினுக்கல் வகைக் கருவிகள் மேலோட்டமாகச் சலித்தன. சந்தேகப்பட்டது மட்டும் ஜெர்மானியத்துக்குப் போகும். சலிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு: சீசியம்-134 தரும் 605-ம், மண்ணில் இயற்கையாகவே உள்ள பிஸ்மத்-214 தரும் 609-ம் சோடியம் அயோடைடில் ஒரே மேடுதான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது ஜெர்மானியம்.

வானத்திலும் இதே பங்காளிச் சண்டைதான். 2002-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் இன்டெக்ரல் விண்கலத்தில் 19 ஜெர்மானியத் துண்டுகள் இருந்தன. அலுமினியம்-26 விடும் 1809 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர், பால்வீதியின் சுழற்சியால் ஒரு அலகுக்கும் குறைவாக இடம் மாறுவதை அது பிடித்தது. சோடியம் அயோடைடு இதைக் கனவிலும் காணாது. ஆனால் விண்கதிர்கள் ஜெர்மானியப் படிகத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கண்காணிப்பை நிறுத்தி, அதே துண்டுகளை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சரிசெய்தார்கள். பத்தொன்பதில் நான்கு போயே போய்விட்டன.

2008-ல் போன ஃபெர்மி விண்கலத்தின் காமா வெடிப்பு (வானில் திடீரென மின்னி மறையும் காமா கதிர்) கண்காணிப்புக் கருவியில் இருப்பவை 12 சோடியம் அயோடைடு வட்டுகளும், பிஸ்மத் ஜெர்மனேட் என்னும் வேறொரு மினுக்கும் படிகம் இரண்டும். வட்டுகள் ஆளுக்கொரு திசை பார்க்கும். எதில் எவ்வளவு விழுந்தது என்று ஒப்பிட்டே வெடிப்பின் திசையைச் சொல்லிவிடும். எப்போது, எங்கே வெடிக்கும் என்று தெரியாத விஷயத்துக்கு இதுதான் சரி என்பேன்.

2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் அதிர்வு) வந்து 1.7 வினாடியில் காமா வெடிப்பைப் பிடித்தது அந்த ஃபெர்மி கருவிதான். இன்டெக்ரலும் பிடித்தது. ஆனால் ஜெர்மானியத் துண்டுகளால் அல்ல. அவற்றைக் காக்க வெளியே சுற்றி வைத்திருந்த பிஸ்மத் ஜெர்மனேட் கவசத்தால்.