ஒரே கோட்டைச் சுவர், நான்கு பொருள்கள்: பல்ப் சாகச மேசைக்கு எது நிற்கும்?

மேசை மேல் சின்னப் பொம்மை ஆட்களை நகர்த்தி ஆடுகிற சாகச விளையாட்டுக்காக, கடந்த இரண்டு மழைக்காலங்களில் கன்னியாகுமரிப் பக்கத்து வட்டக்கோட்டையின் ஒரு மூலையை நான்கு முறை செய்திருக்கிறேன். ஒன்று மீன் பெட்டித் தெர்மாகோலில், ஒன்று எக்ஸ்பிஎஸ் என்கிற நுரைப் பலகையில், ஒன்று லேசரில் வெட்டிய எம்டிஎஃப் என்கிற மரநார்ப் பலகையில், கடைசியாக ஒன்று 3டி பிரிண்டரில். நான்கும் ஒரே அளவு. நிஜச் சுவர் சுமார் 25 அடி உயரம். நாங்கள் விளையாடும் 28 மி.மீ. உயரப் பொம்மைகளின் உலகம் நிஜத்தைவிட ஏறக்குறைய 56 மடங்கு சிறியது என்பதால் மேசையில் சுவர் பதின்மூன்றரை சென்டிமீட்டர் வரும். நான்கையும் வைத்து விளையாடிப் பார்த்தாயிற்று. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது புதிதாகத் தொடங்க நினைத்தால், காசைக் கொட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பல்ப் என்ற பெயர் பழக்கமில்லாதவர்களுக்காக: 1890களின் கடைசியில் தொடங்கி 1950கள் வரை அமெரிக்காவில் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகி வந்த கதை இதழ்களுக்கு அந்தப் பெயர். நாம் சாணித்தாள் என்கிறோமே, அந்த ரகம். புதையல் வரைபடம், பாழடைந்த கோயில், கெட்ட விஞ்ஞானி, கடைசி நொடியில் தப்பிக்கும் நாயகி, எல்லாம் அந்தத் தாளில் ஓடியவை. மேசையிலும் அதே சரக்குதான். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு ஆட்கள், மூன்றுக்கு மூன்று அடி இடம், அவ்வளவு போதும். எங்கள் கதை 1930களில், இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது நடக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுத் தரப்பில் நின்று பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர் டி லனாய். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. வட்டக்கோட்டையைக் கருங்கல்லில் திரும்பக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். அந்தச் சுவருக்குள் அவர் ஒரு வரைபடத்தை ஒளித்து வைத்துவிட்டுப் போனார் என்பது நாங்களாகக் கட்டிய கதை. அதைத் தேடி இரண்டு கும்பல்கள் வருகின்றன.

பெரிய போர் விளையாட்டில் நூறு சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். அங்கே குன்றும் மரமும் ஓரமாக இருந்தால் போதும். பல்ப் ஆட்டத்தில் அப்படி இல்லை. சுவரில் ஏறுவது, கிணற்றுக்குள் இறங்குவது, கூரையிலிருந்து கூரைக்குத் தாவுவது, இவைதான் ஆட்டமே. நான் எதைச் செய்து வைத்தாலும் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்கா மகன் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "மாமா, இதுல ஆளு ஏறுமா?" என்னுடைய அளவுகோலும் அதுதான். ஆள் ஏறி நிற்க வேண்டும், கை பட்டால் உடையக் கூடாது, அடுத்த ஆடியிலும் ஐப்பசியிலும் கெடாமல் இருக்க வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையையும் தாங்காத பொருளை வீட்டில் வைத்து என்ன செய்வது?

முதலில் தெர்மாகோல். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிற மெல்லிய தாளை நான் சொல்லவில்லை. குளச்சல், சின்னமுட்டம் போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற பெட்டியைச் சொல்கிறேன். அதன் மணிகள் நெருக்கமாக இருக்கும், சுவர் கனமாக இருக்கும். மூடி உடைந்த பெட்டிகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, மூன்று நாள் வெயிலில் போட்டால் வாடை போய்விடும். கத்தியால் அறுத்தால் மணி மணியாக உதிரும், அதுதான் இதன் குறை. புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து நீளமாக இழுத்தால் குறையும், முழுக்கப் போகாது. அறுத்த முகத்தில் கல் வரி கீற முடியாது, மணிகள் பிய்ந்து வரும். ஆகவே கல்லைத் தெர்மாகோலில் கீறவே கூடாது. சுவர் பூசுகிற புட்டியில் பாதிக்குப் பாதி ஃபெவிக்கால் கலந்து, கூழ் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத, ஆனால் நகம் பதியும் பக்குவத்தில் கருங்கல் வரிகளை ஈர்க்குச்சியால் கீறிவிட வேண்டும். காய்ந்த பிறகு இரும்பு மாதிரி நிற்கும். தரையில் தவறவிட்டால்கூட மூலையில் கொஞ்சம் புட்டி உதிரும், அவ்வளவுதான்.

ஒரு தவறை மட்டும் யாரும் செய்யாதீர்கள். முதல் சுவரை முடித்த அவசரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். பூச்சு விட்டுப்போயிருந்த அடிப்பக்கம் வழியாகப் பெயின்டில் இருந்த கரைப்பான் உள்ளே இறங்கி, பத்து நிமிடத்தில் சுவரின் பாதி வயிறு காணாமல் போயிற்று. இரண்டு வாரத்து வேலை. தின்னர், பெட்ரோல், சூப்பர் குளூ, தோல் ஒட்டுகிற பசை எல்லாமே தெர்மாகோலைத் தின்பவை. எக்ஸ்பிஎஸ்ஸுக்கும் இதே விதி. கறுப்பு அக்ரிலிக் பெயின்டில் ஃபெவிக்கால் கலந்து இரண்டு கை, அடிப்பக்கம் உட்பட எல்லா முகத்திலும் பூசிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

தெர்மாகோலைப் போலவே எக்ஸ்பிஎஸ் என்பதும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்தான், ஆனால் மணியாக ஊதாமல் ஒரே பாளமாகத் தள்ளி எடுத்தது. கூரை வெப்பம் தடுக்கவும் குளிர்பதன அறைச் சுவருக்கும் போடுகிற பலகை. நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று வரும். இதில் கல் வரியை நேரடியாகக் கீறலாம். பிளேடால் ஒரு கோடு, அதன் மேல் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு இழுப்பு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இடுக்கு விழுந்துவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கருங்கல்லின் சொரசொரப்பு வரும். இன்னும் அழுத்தி உருட்டி, பென்சில் முனையால் குழி குழியாகக் குத்தினால் அதே பலகை வெட்டுக்கல் ஆகிவிடும். தக்கலைப் பக்கத்துப் பழைய மதில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் செம்மண் நிறமும் குழியும் மேசையில் தெரியும்போது வருகிற சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! தண்ணீர் உறிஞ்சாது, பூசணம் பிடிக்காது, கரையான் தின்னாது.

விலையும் கிடைப்பதும்தான் சிக்கல். தெர்மாகோல் மாதிரி மூலைக்கடையில் இருக்காது, பெரும்பாலும் முழுப் பலகையாகத்தான் விற்பார்கள். கட்டுமான வேலை முடிந்த இடத்தில் மிச்சத் துண்டு கேட்பது நல்ல வழி. இன்னொன்று மின்விசிறி. எக்ஸ்பிஎஸ் இறகு மாதிரி. நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் விளையாட முடியாது, விசிறி ஓடினால் வெறும் எக்ஸ்பிஎஸ் சுவர் மெல்ல நகரும். அடியில் குடைந்து, கூழாங்கல்லும் ஃபெவிக்காலும் நிரப்பினேன், நின்றது. புட்டி பூசிய தெர்மாகோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. துண்டுகளை ஒட்டும்போது ஃபெவிக்காலோடு ஈர்க்குச்சியை ஆணி மாதிரிக் குறுக்கே செருகுங்கள். வெறும் பசை இரண்டு பலகைக்கு நடுவில் காற்றே படாமல் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் கோட்டைக்கும் பாறைக்கும் நான் மீன் பெட்டியை எடுப்பேன். நுணுக்கம் வேண்டிய இடம், உதாரணமாக ஒரு கோயில் மண்டபத் தூண் என்றால் எக்ஸ்பிஎஸ்தான், வேறு பேச்சே இல்லை.

எம்டிஎஃப் சுவரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மில்லிமீட்டர் பலகையில் லேசர் வரைந்த கல், தூரத்திலிருந்து பார்த்தாலும் வரைந்த கல்லாகவே தெரிந்தது. வார்னிஷ் பூசாத ஓரங்கள் ஆனி மழையில் ஊதிப் பிரிந்தன. ஆனால் வீட்டின் உட்புறம் என்றால் கதை வேறு. கூரையைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே சண்டை போட வேண்டுமானால் மெல்லிய, நேரான சுவர் வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி அறைக்குள் அறை, இருட்டு மாடிப்படி, மர அழி ஜன்னல் என்று ஒரு வீடு கட்டினோம். அதற்கு எம்டிஎஃப்பை அடிக்கவே முடியாது. செருப்புப் பெட்டி அட்டையிலும் இதையே செய்யலாம், இரண்டு மழைக்காலம் உழைக்கும், பிறகு தளர்ந்துவிடும்.

3டி அச்சில் வந்த சுவர் நான்கிலும் அழகானது, ஒவ்வொரு கல்லும் தனித்தனி. ஆனால் பெயின்டை லேசாக உலர்தூரிகையில் தடவியதும் பிரிண்டர் அடுக்கடுக்காக அச்சிட்ட வரிகள் எல்லாம் எழுந்து நின்றன. ஒரு நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போனபோது மதிய வெயிலில் காருக்குள் விட்டுவிட்டேன். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும், மேல் விளிம்பு வளைந்துவிட்டது. மூலைச் சுவருக்காக மணிக்கணக்கில் அச்சிடுவதைவிட, கையால் செய்யக் கஷ்டமான சின்னச் சாமான்களுக்கு பிரிண்டரை வைத்துக்கொள்ளுங்கள்: லாந்தர் விளக்கு, மரப்பெட்டி, பீரங்கி, கப்பல் சக்கரம். அங்கே அதற்கு நிகர் கிடையாது.

பாறைக்கு ஐந்தாவதாக ஒரு வழி உண்டு, இந்த மாவட்டத்தில் இருப்பதால்தான் அது எனக்குச் சிக்கியது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாருக்குத்தான் இல்லை? உறைந்துபோகாமல் இருக்க அம்மோனியா சேர்த்த கெட்டி ரப்பர் பால் கொஞ்சம் வாங்கி, நல்ல வெடிப்புள்ள ஒரு கல்லின் மேல் தூரிகையால் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். காய்ந்தபின் மறுபடி. எட்டுப் பத்து கை ஆக வேண்டும், நடுவில் இரண்டு கைக்குக் காயம் கட்டுகிற வலைத்துணியைச் சேர்த்துப் பூசினால் கிழியாது. உரித்தால் கல்லின் தோலே கையில் வந்துவிடும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினால் எத்தனை பாறை வேண்டுமானாலும் எடுக்கலாம். மருத்துவாழ்மலை அடிவாரத்துக் கல் ஒன்றிலிருந்து நாங்கள் எடுத்த பாறைகள் மேசையில் மலையாகவே நிற்கின்றன. அம்மோனியா கண்ணை எரிக்கும் என்பதால் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், மழை நாளில் தொடாதீர்கள், காயவே காயாது. பிளாஸ்டர் கனம் அதிகம், ஓரம் உடைந்தால் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். கலக்கும்போதே கறுப்புப் பொடி சேர்த்துவிட்டால் அது தெரியாது. அச்சுக்கு முகப்பவுடர் தூவி, வெயில் படாத இடத்தில் வைத்தால் நெடுநாள் வரும்.

தரைக்கு வருவோம். காட்டுத் தரைக்குத் தென்னை நார்க்கழிவைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. விலைக்கு வாங்குகிற பச்சைத் தூளும் முயன்றேன், பெருஞ்சாணிப் பக்கத்துக் காட்டின் மக்கிய தரையை அதனால் காட்ட முடியவில்லை. குடிசைக் கூரைக்குப் பன்னாடையைக் கத்தரித்து ஒட்டினால் பின்னிய கீற்றாகவே தெரியும். மரங்களுக்கு மட்டும் மீன் தொட்டியில் வைக்கிற பிளாஸ்டிக் செடி. காய்ந்த நிஜச் செடி ஒரே மாதத்தில் பொடிந்துவிடும். மணலைப் பற்றி ஒரு வார்த்தை: மணவாளக்குறிச்சிக் கருமணல் பார்க்க அழகாக இருக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது, அணுக் கனிமம் என்பதால் எடுப்பதற்குக் கட்டுப்பாடும் உண்டு. மற்றக் கடல் மணலும் உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்டைக் கிளப்பும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு சிரட்டை எம்சாண்ட் கேட்டால் முடிந்தது.

28 மி.மீ. எடுப்பதா, 1/72 எடுப்பதா என்ற கேள்வியும் டெரெய்னோடு, அதாவது மேசையில் வைக்கிற சுவர், பாறை, மரங்களோடு, சேர்ந்ததுதான். நிஜத்தைவிட 72 மடங்கு சிறிய 1/72 பிளாஸ்டிக் ஆட்கள் பெட்டி பெட்டியாக வருவதால் ஓர் ஆளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, இடமும் குறையும். ஆனால் பெட்டியில் வருகிறவர்கள் சிப்பாய்கள். பத்திரிகைக்காரி, முக்குளிப்பவர், கிழட்டுப் பேராசிரியர் என்று பல்ப் முகங்கள் வேண்டுமானால் 28 மி.மீ.தான். ஆறு ஆளுக்கு மேல் தேவையில்லாத ஆட்டத்தில் அந்தச் செலவு தாங்கும். நான் 28-இல் நின்றுவிட்டேன்.

யார் முதலில் நகர்வது என்பதிலும் இரண்டு முறைகளை ஆடிப் பார்த்தோம். ஒரு பக்கம் முழுக்க நகர்ந்து முடித்து, அப்புறம் மறுபக்கம் நகர்கிற முறையில் எதிராளி சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டு முறையில் எங்கள் ஆளுக்கு ஒரு சிவப்புச் சீட்டு, அவர்கள் ஆளுக்கு ஒரு கறுப்புச் சீட்டு, ஒரு ஜோக்கர், எல்லாவற்றையும் கலக்கி ஒவ்வொன்றாகத் திருப்புகிறோம். ஜோக்கர் வந்தால் சுவர் சரியும், அலை ஏறும், கயிறு அறும். சீட்டு முறைதான் பல்ப். அக்கா மகன் ஜோக்கரை எதிர்பார்த்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். நிஜத்தில் 115 அடி உயரம், 28 மி.மீ. கணக்கில் 62 சென்டிமீட்டருக்கு மேல். மேசை மேல் அவ்வளவு உயரத்தில் நிற்கிற ஆளை நகர்த்த அக்கா மகன் ஸ்டூல் போட வேண்டியிருக்கும். அதனால் உயரத்தைப் பாதியாக்கி, மூன்று தூண் மட்டும் செய்யப்போகிறேன். தூண் எக்ஸ்பிஎஸ், மேலே தண்ணீர் ஓடுகிற தொட்டி எம்டிஎஃப், கீழே பரளியாற்றுப் பாறை ரப்பர் அச்சில். தூணுக்குள் கூழாங்கல் நிரப்பும் வேலை நேற்று தொடங்கியிருக்கிறது.