கேட்டவனுக்கெல்லாம் இடம் சொன்ன ஸ்கூட்டர்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் மகள் காட்பாடிப் பக்கம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஸ்கூட்டர் வாங்கித் தரப் போகிறாராம். "உன் வண்டியில ஒரு ஜிபிஎஸ் பொட்டி வச்சிருக்கியே, எப்படி? வாங்கலாமா?" என்றார். வாங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடகுக் கடை ஞாபகம் வந்துவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளம் போய்விட்டது.

பொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. சீட்டுக்கு அடியில் ஒளித்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து வைத்திருக்கிறது. உள்ளே ஒரு 2ஜி சிம் (ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அது ஆகாது). அந்த சிம் நம்பருக்கு போன் செய்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு அரை நிமிடத்தில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், நேரம், ஒரு மேப் லிங்க். ஆப் என்று ஒன்று இருக்கிறது, நான் தொட்டதில்லை. வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டுக்காரரின் பைக் களவு போன பயத்தில் 2021இல் வாங்கினேன். என் வண்டி இதுவரை களவு போகவில்லை. ஆகவே பொட்டியின் முக்கியமான வேலை எப்படி என்று எனக்குத் தெரியாது. மற்ற வேலைகளை எல்லாம் நன்றாகவே செய்தது.

முதல் மாதமே சிம்மில் காசு நிற்கவில்லை. ஐம்பது ரூபாய் போட்டால் பத்து நாளில் காலி. எஸ்எம்எஸ் ஒன்றுக்கு ஒரு ரூபாய், வெளி மாநில நம்பருக்கு ஒன்றரை. நான் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டால் அதிகம். மீதி எங்கே போகிறது? கம்பெனிக்காரன் திருடுகிறான் என்று நானும் எல்லோரையும் போலத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சாய்நாதபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். குடியாத்தத்துக்காரர்கள். என்னைப் பார்க்கவில்லை, நேராக ஸ்கூட்டரிடம் போய் நின்று, போனைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார்கள். அப்புறம் பெரியவர் என்னைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். அது நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

"போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற. ஆனா எங்க கீறன்னு மெசேஜ் மட்டும் கரெக்டா அனுப்புற. இன்னா வெளயாட்டு இது?"

விஷயம் புரிய எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த சிம் நம்பர் எனக்கு முன்னால் ஒரு சீட்டு பிடிக்கிறவரிடம் இருந்திருக்கிறது. ஆள் பணத்தோடு போய்விட்டார், நம்பரையும் கைவிட்டுவிட்டார். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் வைத்திருந்து பிறகுதான் வேறு ஒருவருக்குத் தருவார்கள் என்பது விதி. ஆனால் சீட்டுப் பணம் போனவர்களின் கோபத்துக்கு 90 நாள் போதுமா? அவர்கள் மாற்றி மாற்றி அந்த நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். பொட்டியும் ஒவ்வொருவருக்கும், என் செலவில், என் வீட்டு வாசலைப் பத்து அடி பிசகாமல் காட்டிக் கொடுத்திருக்கிறது.

வண்டியின் சீட்டைத் தூக்கிப் பொட்டியைக் காட்டினேன். பெரியவர் அங்கேயே நின்று நம்பருக்கு அடித்தார். சீட்டுக்குள் சின்ன பச்சை விளக்கு மினுக்கியது, அவர் கையில் மெசேஜ் வந்து விழுந்தது. கூட வந்த பையன் சிரித்துவிட்டான். அம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுத்தாள். கிளம்பும்போது பெரியவர் கேட்டதுதான் இன்னும் மறக்கவில்லை: "இது எவ்ளோ சார்? எங்க கெடைக்கும்? அந்தாளு வண்டி எங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்."

தப்பு என்னுடையதுதான். பொட்டியோடு வந்த பொடி எழுத்துத் தாளில், அட்மின் நம்பர் (வண்டியிடம் இடம் கேட்க உரிமை உள்ள நம்பர்) பதிவு செய்யாதவரை யார் அடித்தாலும் பதில் போகும் என்று எழுதியிருக்கிறது. கடவுச்சொல் 123456, அதை மாற்றுங்கள் என்றும் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? உலகத்தில் யாரும் படிப்பதில்லை போல. இப்படிப்பட்ட மலிவு விலைக் கருவிகளில் சுமார் 6 லட்சம் அதே 123456 கடவுச்சொல்லோடு திறந்து கிடப்பதாக 2019இல் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நான் அந்தக் கணக்குக்கு அப்புறம் சேர்ந்தவன், அவ்வளவுதான்.

அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினேன். அட்மின் நம்பர் ஐந்து வரைக்கும் போடலாம். நான், மனைவி, அப்பா, மச்சான், மெக்கானிக். இதில் மச்சானை எதற்குச் சேர்த்தேன் என்று பின்னால் பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி பாராட்டு. அப்பா பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகக் காலத்திலிருந்து (எங்கள் பக்கத்து அரசு பஸ்ஸின் பழைய பெயர்) கண்டக்டராக இருந்தவர். ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று இன்னும் பட்டன் போன்தான். மேப் லிங்க் அவருக்கு வெறும் எழுத்துக் குவியல். ஆனால் அதற்கு மேலே இருக்கும் எண்கள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. முதல் எண் எப்போதும் 12.9 பக்கமாகவே நிற்கிறது, அது எதற்கும் உதவாது; இரண்டாவது எண்தான் ஓடுகிறது என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் சாலை சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் கிழக்கு மேற்காகப் போவதால் அது சரிதான். வேலூர் 79.13. ராணிப்பேட்டை 79.33. ஆம்பூர் 78.72. குடியாத்தம் 78.87. புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இலக்கம் ஒன்று ஏறினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். "இது ஸ்டேஜ் மாதிரிடா," என்றார். பழைய டயரி ஒன்றில் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதி வைத்தார், டிக்கெட் கட்டணப் பட்டியல் போடுகிற மாதிரியே, இடமிருந்து வலம் படிக்கட்டாக. நான் ராணிப்பேட்டையிலிருந்து திரும்பும் நாளில், 79.24 வந்ததும் அம்மாவிடம் தோசைக்கல்லைப் போடச் சொல்வார். இதுவரை தோசை ஆறியதும் இல்லை, நான் காத்திருந்ததும் இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஒரு சாமான் எழுபது வயசுக்காரருக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

முன்பு நோக்கியா போன்களில் டவர் இருக்கும் ஏரியாவின் பெயர் திரையில் தானாக வரும், நினைவிருக்கிறதா? பஸ்ஸில் போனால் பாகாயம், தொரப்பாடி, விருதம்பட்டு என்று மாறிக்கொண்டே வரும். அப்பாவுக்கு அதுவும் பிடிக்கும். அது நமக்கு மட்டும் சொன்னது. நம்மைப் பற்றி வேறு யாருக்கும் சொல்லவில்லை.

எரிச்சலுக்கு வருகிறேன். நேரம். இந்தப் பொட்டியின் கடிகாரத்துக்கு நம் நேர மண்டலத்தை எஸ்எம்எஸ்ஸில் சொல்லிக் கொடுக்க வேண்டும். நமக்கு ஐந்தரை மணி நேரம். என் பொட்டி முழு எண்ணைத்தான் வாங்கும். 5 என்றால் அரை மணி பின்னால் ஓடும், 6 என்றால் அரை மணி முன்னால். 5.5, 530, 5:30 எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. எதையும் வாங்கவில்லை. 5இலேயே விட்டுவிட்டேன். விற்ற கடைக்காரரிடம் போனால், "அரை மணிதானே சார்" என்றார்.

அரை மணிதான். மழைக்கு முந்திய ஒரு மாலை ஐந்தே முக்காலுக்கு ஆபீசை விட்டுக் கிளம்பி, லாங்கு பஜார் பக்கம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டியை விட்டேன். மணி ஆறு அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். அடித்தளத்தில் சாட்டிலைட் கிடைக்காது. அங்கே யார் கேட்டாலும் கடைசியாகக் கிடைத்த இடத்தையும் நேரத்தையும்தான் பொட்டி அனுப்பும். மனைவி ஏழு மணிக்குக் கேட்டிருக்கிறாள். பதிலில் 17:35. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, அஞ்சே முக்கால் வரைக்கும் ஆபீஸ்லதானே இருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அஞ்சு முப்பத்தஞ்சுக்கு பஜார்ல நிக்கிறீங்களே."

நேர மண்டலம், கிரீன்விச், ஐந்தரை என்று நான் விளக்கிய விளக்கம் இருக்கிறதே, பொய் சொல்கிறவன்தான் அவ்வளவு விளக்குவான். கடைசியில் போனை எடுத்து என் கண்ணெதிரே வண்டிக்கு அடித்து, வந்த நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டாள். "சரி, நேரம் தப்பு. பஜார்ல இன்னா வேலை?"

நேரம்தான் பொய், இடம் நிஜம். அந்தக் கட்டடத்தின் மாடியில் அடகுக் கடை. தங்கைக்காக என் சங்கிலியையும் மோதிரத்தையும் வைத்திருந்தேன், வட்டி கட்டப் போனேன். சொல்லக் கூடாத பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது, எப்படிச் சொல்வது என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கைப் பொட்டி எனக்கு முன்னால் சொல்லிவிட்டது. பிறகு மூன்று நாள் வீட்டில் பேச்சு நடந்தது, எதிராளியாக மச்சானும் சேர்ந்துகொண்டார். அவரும் அன்றைக்கு இரண்டு தடவை வண்டியிடம் கேட்டிருக்கிறார். ஐந்தில் ஒருவர் இல்லையா.

மச்சானுக்கு சத்துவாச்சாரி கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சொல்லவில்லையா என்று அவரிடமே மோதிப் பார்த்தேன். "மாமா, 2023இல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்த எடுத்துப் பாருங்க. தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு ஒருத்தர் வச்சிருக்கற தகவலுக்கு அது பொருந்தாதுன்னே இருக்கு," என்றார். பார்த்தேன். இருக்கிறது.

நியூயார்க்கில் 2000இல் டெனிஸ் கிரவுலி, அலெக்ஸ் ரெய்னர்ட் என்ற இரண்டு பேர் 'டாட்ஜ்பால்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். இருக்கும் இடத்தின் பெயரை எஸ்எம்எஸ் அனுப்பினால், பத்துத் தெரு தூரத்துக்குள் இருக்கும் நண்பர்களுக்குச் செய்தி போகும். 2005இல் கூகுள் வாங்கி, 2009இல் மூடிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: நீ டைப் அடித்தால்தான் உன் இடம் போகும். அடகுக் கடையில் நின்றுகொண்டு எவனாவது டைப் அடிப்பானா? நம் ஊரிலும் "எங்க கீற?" என்று கேட்டால் "காட்பாடி பாலத்துகிட்ட, வந்துகினே கீறேன்" என்று வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்வதுதான் மரபு. சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். அந்த இடைவெளியில்தான் பாதி நட்பு ஓடிக்கொண்டிருந்தது.

நண்பரே, உங்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. இந்த வகைப் பொட்டிகள் சிலவற்றில் மைக் உண்டு. 'மானிட்டர்' என்ற சொல்லோடு கடவுச்சொல்லைச் சேர்த்து அனுப்பினால் போதும், அப்புறம் அந்த நம்பருக்கு அடித்தால் மெசேஜ் வராது. வண்டியைச் சுற்றிப் பேசுவது காதில் கேட்கும். என்னுடையதில் உண்டு. ஒரே ஒரு தடவை சோதித்தேன். வாசலில் பூக்காரம்மாவும் அம்மாவும் மல்லிகை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது, வைத்துவிட்டேன். மெக்கானிக்கிடம் சொல்லி அந்த மைக் ஒயரை வெட்டியாயிற்று. மகள் வண்டியில் அவளுக்குத் தெரியாமல் வைக்கலாமா என்று நீங்கள் இழுத்தீர்களே, அதற்கு என் பதில் இதுதான்: ஐந்து நம்பரில் முதல் நம்பர் அவளுடையது என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு அவளுக்கு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

போன மாதம் மழையில் நனைந்து பொட்டி ஊமையாகிவிட்டது. தோட்டப்பாளையத்தில் மெக்கானிக் ஒயரைப் பிரித்துப் பார்த்து, "கழட்டிடட்டா சார்?" என்றார். கழற்று என்றேன், நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. அன்று ராணிப்பேட்டை போய்விட்டு வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார், மடியில் டயரி. தோசைக்கல் காயவே இல்லை. "வண்டி பதிலே சொல்லலியேடா," என்றார்.

மறுநாள் திரும்பப் போய் ஒயரை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தேன், நானூறு ரூபாய். மச்சான் நம்பரை எடுத்துவிட்டேன், மைக் இல்லை, கடிகாரம் பழையபடி அரை மணி பின்னால். மொத்தத்தில் இது மோசமான சாமான். இன்னொன்று வாங்க மாட்டேன், யாருக்கும் சிபாரிசும் செய்ய மாட்டேன். ரீசார்ஜ் மட்டும் தவறாமல் செய்கிறேன். சங்கிலி மீட்டாகிவிட்டது, மோதிரம் இன்னும் பாக்கி. அதற்கு வட்டி கட்ட வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன்.