மேலே திறக்கும் மூடி: வண்டியில் துப்பாக்கிப் பெட்டியோடு மூன்று வருடம்

பங்காளி ஒருவர் துப்பாக்கி உரிமத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம், அடுத்த வருடம் சிவகிரி பக்கம் என்று தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேருக்கு அந்த யோசனை வந்துவிட்டது. உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் போன் போட்டு, "உங்க வண்டியில இருக்கற பெட்டி எப்படிங்ணா, செஞ்சுக்கலாமா?" என்கிறார். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

என்னுடையது அப்பா பெயரில் இருந்து என் பெயருக்கு மாறிய 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி. மடக்குகிற வகை என்பதால் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனி, பின்கட்டை தனி. குழல் 30 அங்குலம். பெட்டி 34 அங்குலம் போதும். பொலிரோவின் பின்பக்கம் குறுக்குவாட்டில் அடக்கமாக உட்கார்ந்துவிட்டது. 2 மி.மீ. தகடு, தரையோடு நான்கு போல்ட். நட்டு நான்கும் பெட்டிக்குள் இருக்கின்றன, பூட்டைத் திறக்காமல் ஸ்பேனர் போட முடியாது. இந்த நட்டு விஷயம் நான் சொல்லிச் செய்தது. பட்டறைக்காரர் வெளியே வைக்கத்தான் பார்த்தார்.

பலத்தில் குறை சொல்ல முடியாது. போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பின்கண்ணாடியை உடைத்து எவனோ நெம்பிப் பார்த்திருக்கிறான். மூடி ஓரத்தில் நாலு கீறல், அவ்வளவுதான். உள்ளே ஃபேன் பெல்ட்டும் ஒரு கிழிந்த துண்டும்தான் இருந்தன. துப்பாக்கியோடு கல்யாணத்துக்குப் போகிற ஆள் நானில்லை. அந்த நாளுக்கு அப்புறம் பெட்டி மேல் ஒரு பழைய பவானி ஜமக்காளத்தை விரித்து வைக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் பெட்டி இருப்பதே தெரியாது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். செய்த புதிதில், 2022 ஐப்பசி மழையில், பெட்டிதான் இருக்கிறதே என்று இரண்டு ராத்திரி துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டேன். உள்ளே ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. குழலில் ஸ்பாஞ்ச் பட்ட இடமெல்லாம் செம்புள்ளி. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், எழுத முடியாது. துரு ஒருபக்கம் இருக்கட்டும், ராத்திரி வண்டியையே தள்ளிக்கொண்டு போயிருந்தால்? இப்போது ஸ்பாஞ்சைப் பிய்த்தாயிற்று. வீட்டுப் பீரோவில் இருந்து தோட்டம் போய்ச் சேரும் வரைக்கும்தான் இந்தப் பெட்டி. தோட்டா அதில் வைப்பதில்லை. அதற்கு முன்சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு சின்னப் பெட்டி, தனிச் சாவி.

சரி, மூடிக்கு வருகிறேன். மேல்பக்கம் திறக்கும் மூடி. எவன் யோசித்தானோ! பொலிரோவின் பின்பக்கம் காலியாக இருக்கும் நாள் வருடத்தில் எத்தனை? புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தேங்காய், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் என்று ஏதாவது ஒன்று அந்தப் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஈரோடு கிழக்கில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், 2023 பிப்ரவரியில் ஒரு இடைத்தேர்தல், 2025 பிப்ரவரியில் இன்னொன்று, நடுவில் 2024 நாடாளுமன்றத் தேர்தல். தேர்தலுக்காகத் துப்பாக்கியை மூன்று முறை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, மூன்று முறை திரும்ப வாங்கியிருக்கிறேன். கடைசியாக ஒப்படைக்கப் போனபோது மேலே இரண்டு மூட்டை புண்ணாக்கு. ஸ்டேஷன் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி ஒவ்வொன்றாக இறக்குகிறேன். ரைட்டர் வெளியே வந்து, "அண்ணா, துப்பாக்கி கொண்டாந்தீங்களா, தீவனம் கொண்டாந்தீங்களா?" என்றார்.

அதைக்கூடச் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். மூடியைத் தாங்கப் பட்டறைக்காரர் ஒரு கம்பி வைத்திருக்கிறார் பாருங்கள், அது நிற்காது. ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழலை உருவ வேண்டியிருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டால் இரண்டு கையும் அதில்தான் இருக்க வேண்டும், எடுத்த உடனே குழலின் அறையில் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே பார்ப்பதெல்லாம் மூடி எப்போது விழும் என்பதைத்தான். கதவு பின்பக்கத்தைப் பார்த்து, பக்கவாட்டில் திறக்கிற மாதிரி வைத்திருந்தால் மூட்டை மேலே கிடந்தாலும் கவலையில்லை. கேட்டால், "மேல் மூடிதானுங்க ஸ்ட்ராங்கு" என்கிறார். மாற்றித் தர 3,500 ரூபாய் வேண்டுமாம். மொத்தப் பெட்டியே 6,800 தான்.

போன ஞாயிறு மூடி விழுந்து இடது கை நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. அது விழுந்து புது நகம் முளைக்கும் வரை இந்தப் பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. செய்யாதீர்கள் என்றுதான் பங்காளியிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அளவெடுக்க டேப்போடு வருகிறாராம். வரட்டும், மேலே மூன்று மூட்டை பருத்திக்கொட்டை இருக்கிறது, அவரே இறக்கிவிட்டு அளந்துகொள்ளட்டும்.