மாசி வீதிச் சந்தில் தைத்த துடுப்புப் பை: ஹிலோ போய் வந்த பின் ஒரு மதிப்பீடு

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், சிலம்பக் கம்புக்கும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் உறை தைத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் தொங்கும் தவில் உறைகளே அடையாளம். அந்தக் கடையில் தைத்து வாங்கிய துடுப்புப் பையைப் பற்றியது இந்த மதிப்பீடு. வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணும் ஊரில் துடுப்புக்குப் பையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பை ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் வளரும் என் தங்கை மகளுக்காகத் தைக்கப்பட்டது. பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது அவளே கடைக்கு வந்து நின்று தைத்து வாங்கினாள். 2024 ஆகஸ்டில் ஹவாயின் ஹிலோ விரிகுடாவில் நடந்த பக்கமிதவைப் படகுகளுக்கான உலகக் குறுந்தூரப் போட்டிக்கு, அவளுடைய கழகத்தின் இளையோர் அணி தன் துடுப்புகளை இந்தக் கடைப் பைகளில்தான் கொண்டு போனது.

இந்த விளையாட்டில் துடுப்புக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று சொன்னால்தான் பையின் குறைநிறை விளங்கும். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக அமரும் அந்தப் படகு ஏறக்குறைய 13 மீட்டர் நீளம். இடப்புறத்தில் இரண்டு குறுக்குக் கம்புகளால் பிணைத்த மிதவைதான் அதைக் கவிழாமல் காக்கிறது. அவ்வளவு பெரிய கலத்தை அணிகள் கடல் கடந்து தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால், போட்டி நடத்துபவர்களே எல்லாருக்கும் படகு தந்துவிடுகிறார்கள். ஆகவே தஹிதியிலிருந்து வரும் பெண்ணானாலும் நியூசிலாந்திலிருந்து வரும் பெண்ணானாலும், தன்னுடையது என்று கையோடு கொண்டு வருவது துடுப்பு ஒன்றைத்தான். 500 மீட்டர் நேர் ஓட்டம் இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்குள் பதினைந்து வீச்சுக்கு ஒரு முறை போல ஒருவர் குரல் கொடுக்க, கடைசி இருக்கையில் திசை பார்ப்பவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் துடுப்பைக் கைமாற்றி மறுபக்கம் போட வேண்டும். பழகாத இரவல் துடுப்போடு இதைச் செய்யச் சொன்னால் யாருக்கும் தாளம் தப்பத்தான் செய்யும்.

கார்பன் துடுப்பு அரைக் கிலோ எடை கூட இராது. தண்ணீரை இழுக்கும்போது எவ்வளவு உறுதியோ, தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதியான அலகின் ஓரத்தில் ஒரு பெட்டியின் மூலை இடித்தால் அவ்வளவு பலவீனம்; விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்தாலே பிள்ளைகள் அதை நம்பிப் போட்டியில் இறங்க மாட்டார்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் உறைகளில் பல அலகை மட்டும் மூடுபவை. தண்டையும் பிடியையும் சேர்த்து மூடி, இரண்டு துடுப்புகளை வைக்கக்கூடிய பயணப் பைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

கடைக்காரர் பாய் அதுவரை இப்படியொரு துடுப்பைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அல்லர். ஆனால் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று: "எந்த முனை மொதல்ல அடி வாங்கும்னு சொல்லும்மா, அளவு அப்புறம் எடுப்போம்." அவள் அலகின் இரண்டு மூலைகளையும் தொட்டுக் காட்டினாள். துடுப்பை நிறுத்தி வைக்கும்போது பிடி கீழேயும் அலகு மேலேயும் இருக்கும் என்று சுவரில் சாய்த்தும் காட்டினாள். "அப்ப வாய் மேல வேணாம், பக்கவாட்டுல தொறக்கட்டும்" என்று அவர் முடிவு செய்துவிட்டார். தலைப்பகுதியில் திறப்பு இல்லாததால் அந்த இடத்தில் ஃபோமை இரண்டு மடிப்பாகக் கொடுத்து, மேலே தடித்த ரெக்சின் ஒட்டுப் போட்டு, ஓரம் முழுவதும் பைப்பிங் வைத்து இரட்டைத் தையல் போட முடிந்தது. நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசுக்கு வைக்கும் பாதுகாப்பை அவர் இங்கே அலகுக்கு மாற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அனுபவம் இப்படித்தான் கை கொடுக்கிறது.

அலகு தண்டோடு நேர்கோட்டில் இல்லாமல் சற்று முன்பக்கம் வளைந்திருக்கும். அதனால் இரண்டு துடுப்புகளை எதிரெதிராக வைத்தால் பை நடுவில் உப்பிக்கொள்ளும். பாய் இரண்டையும் மேசைமேல் போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, கரண்டிகளை அடுக்குவது போல ஒரே பக்கமாக ஒன்றுக்குள் ஒன்று படுக்க வைத்து, இடையில் ஒரு தடுப்பைத் தைத்தார். தண்டு நழுவாமல் இருக்க மூன்று இடங்களில் வெல்க்ரோப் பட்டை. தவில் உறைக்குப் போடும் சாதாரண ஸ்பாஞ்சைத்தான் முதலில் எடுத்தார். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று என் தங்கை மகள் சொன்னதும் யோகா விரிப்புக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. ஃபோமை வரவழைத்தார். வாடிக்கையாளர் சின்னப் பெண்தானே என்று அலட்சியம் செய்யாமல் அவள் பேச்சைக் கேட்டது இந்தக் கடையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி.

அந்த ஃபோமின் அருமை ஹிலோவில்தான் தெரிந்ததாம். அமெரிக்க நகரங்களில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஹிலோவும் ஒன்று. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. மதுரைக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே கண்மாய்கள் நிறைந்துவிடும். போட்டி நாட்களில் எதையும் உலர்த்துவதற்கு வெயில் வாய்க்காத அந்த ஊரில், பையின் அடியில் வைத்த பித்தளை ஐலெட்டுகள் வழியாகத் தண்ணீர் வடிந்துவிட்டது. உள்ளே பூஞ்சை வாடை வரவில்லை. மற்ற அணிகளைச் சேர்ந்த சிலர் கொண்டு வந்திருந்த ஸ்பாஞ்சு உறைகள் கடைசி வரைக்கும் ஈரமாகவே கிடந்ததாகத் தங்கை மகள் சொன்னாள்.

ஜிப்பில்தான் கடை சறுக்கிவிட்டது. பையின் முழு நீளத்துக்கும் வரும் ஜிப், நம் ஊர்ப் பள்ளிப் பைகளுக்குப் போடும் சுருள் வகை. ரன்னரும் மலிவான உலோகம். ஹிலோ கரையில் இருப்பது எரிமலைக் கல் நொறுங்கி உண்டான கரிய மணல். அந்த மணல் சுருளுக்குள் புகுந்துகொண்டதும், உப்புத் தண்ணீர் பட்டு ரன்னர் வெண்மையாகப் பூத்ததும் சேர்ந்து, போட்டி முடிவதற்குள் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. நல்ல தண்ணீரில் அலசி, மெழுகுவர்த்தியைத் தேய்த்துத்தான் மறுபடியும் ஓடவிட்டார்களாம். பல் தடித்த பிளாஸ்டிக் ஜிப்பைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. கூடுதலாகக் கொஞ்சம் பணம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம், அவர் கேட்கவில்லை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு துடுப்புகளும் சேர்ந்து ஒரு கிலோ வராதபோது வெறும் பை ஒரு கிலோவைத் தாண்டுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான் என்றாலும், விமானத்தின் வயிற்றில் மற்றவர்களின் பெட்டிகளுக்கு அடியில் கிடந்து வரும் பொருளுக்கு இந்தக் கனம் வேண்டும் என்றே சொல்வேன். போகும்போதும் வரும்போதும் ஒரு துடுப்புக்கும் கீறல் விழவில்லை. நீளம் வேறு சங்கதி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு. வெளி நீளமே 135 சென்டிமீட்டர் வரும் இந்தப் பை, மூன்றையும் கூட்டும்போது 175ஐத் தொடுகிறது. விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் சிக்கல் இல்லை. இது துடுப்பின் நீளத்தால் வரும் வினை; தையற்காரர் மீது பழி போட முடியாது.

பாராட்ட வேண்டிய இன்னொரு நுணுக்கம், உட்துணி வெளிர் மஞ்சளாக இருப்பதும் பையை முழுவதுமாக வெளிப்புறம் திருப்ப முடிவதும். ஆஸ்திரேலியாவுக்குள் மண் ஒட்டிய விளையாட்டுச் சாமான்களையும் மரப்பொருட்களையும் கொண்டு வருபவர்கள் அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மரத்துடுப்பு வைத்திருந்த பிள்ளைகள் அதையும் குறித்துக் கொடுத்தார்கள். கரிய மணல் வெளிர் துணியில் பளிச்சென்று தெரிந்ததால் அறையிலேயே உதறித் துடைத்துவிட முடிந்தது; சோதனை செய்த அதிகாரி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாராம். கறுப்புத் துணிதான் அழுக்குத் தெரியாது என்று நான் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அழுக்கு தெரியணும் மாமா" என்று அவள் மறுத்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதல் பையைப் பார்த்துவிட்டு அணியின் மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்துத் தைக்கச் சொன்னோம். அங்கே கடையின் இரண்டாவது குறை வெளிப்பட்டது. முதல் பையைப் பாய் தன் கையால் வெட்டித் தைத்தார். ஐந்தையும் உதவியாளர்களிடம் விட்டதில் ஒரு பை இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது, பிடியை அழுத்தித்தான் ஜிப்பை மூட வேண்டியிருக்கிறது. திசை பார்க்கும் பெண்ணின் துடுப்புக்கோ இந்தப் பை பொருந்தவே இல்லை. அந்தத் துடுப்பின் அலகு அகலமானது, வளைவும் கிடையாது, தண்டும் தடிமன். அவள் தன் துடுப்பைத் துண்டில் சுற்றித் தோழியின் பையோடு சேர்த்துக் கட்டித்தான் கொண்டு போனாள். அணி இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. அதற்கும் பைக்கும் தொடர்பில்லை என்பதைக் கடையின் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பைக்கு 1,400 ரூபாய் வாங்கினார். இந்த வேலைப்பாட்டுக்கு அது நியாயமான விலை. சொன்ன தேதியில் கிடைக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். கல்யாண முகூர்த்தங்கள் வரும் மாதங்களில் நாதஸ்வர, தவில் உறைகளுக்கே முதல் உரிமை. துடுப்பைக் கொண்டு போக முடியாதவர்கள் வாயால் அளவு சொல்லாமல், அலகின் வடிவத்தை அட்டையில் வெட்டி, வளைவையும் பக்கவாட்டில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். பல் தடித்த ஜிப்பையும் பிளாஸ்டிக் ரன்னரையும் நீங்களாகவே கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு மேல் தைப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் பாயே வெட்ட வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும்.